கரும்பு வெட்டும் முன் ஒரு மார்க், வெட்டிய பின் ஒரு மார்க்: 464 தமிழக விவசாயிகளிடம் நடந்த ஆய்வு சொல்வது என்ன?

'ஆய்வில் நிரூபணம்' என்று வரும் செய்திகளை எவ்வளவு நம்பலாம்? பனியன் செக்கிங்கில் இருந்து ஒரு விளக்கம்.

அவிநாசி, திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஷிப்மென்ட்டுக்கு 3,000 டி-ஷர்ட்கள் தயாராக இருக்கின்றன. பையர் தரப்பிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒருவர் வருகிறார். அவர் 3,000 பீஸையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெட்டிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்து, 125 பீஸ் மட்டும் எடுத்து மேஜையில் விரிக்கிறார். தையல் விட்டது, ஓட்டை, கறை, அளவு மாறியது என்று குறைகளை எண்ணுகிறார். பரவலாகப் பின்பற்றப்படும் 'ஏக்யூஎல் 2.5' அட்டவணைப்படி, 7 பீஸ் வரை குறை இருந்தால் லாட் பாஸ். 8 ஆகிவிட்டால் ஃபெயில்.

ஏன் 8-ல் கோடு போட்டார்கள்? லாட்டில் உண்மையிலேயே நூற்றுக்கு இரண்டரை பீஸ்தான் குறை என்று வைத்துக்கொள்வோம். 125 பீஸ் எடுத்தால் சராசரியாக 3 குறை வரும். சில நாள் 1 வரும், சில நாள் 5, 6 கூட வரும். அது கை போன போக்கு, வெறும் தற்செயல். ஆனால் 8 அல்லது அதற்கு மேல் வருவது 100 முறையில் 2 முறைகூட நடக்காது. அப்படி வந்துவிட்டால், 'இது தற்செயல் இல்லை, லாட்டிலேயே கோளாறு இருக்கிறது' என்று முடிவு கட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கை டி-ஷர்ட்டிலிருந்து மனிதர்களின் மனதுக்கு மாற்றிப் போட்டால், அதுதான் உளவியல் ஆய்வுகளின் அடிப்படை. கொஞ்சம் பேரைப் பார்த்துவிட்டு எல்லோரையும் பற்றி ஒரு முடிவு சொல்வது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் பானையில் இருக்கும் சோறு ஒரே தீயில், ஒரே தண்ணீரில் வெந்தது. மனிதர்கள் அப்படி வேகவில்லை. அதனால் எத்தனை பருக்கை எடுத்தார்கள், பானையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். உலகமே பேசிய ஓர் ஆய்வு நம் ஊர் கரும்புக் காட்டில்தான் நடந்தது.

விழுப்புரம், திருவண்ணாமலையில் 464 பேர்

2013 ஆகஸ்ட்டில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என நான்கு பேர் சேர்ந்து எழுதியது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஏழைகள் சில நேரம் தவறான முடிவு எடுக்கிறார்களே, அது அவர்களின் குணமா, அல்லது பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்வதாலா?

கரும்பு விவசாயிக்கு வருமானத்தின் பெரும்பகுதி அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வருகிறது. அதற்கு முந்தைய மாதங்கள் இழுபறி. ஆக, ஒரே மனிதர் ஒரே வருடத்தில் ஒருமுறை கையில் காசில்லாதவராகவும், ஒருமுறை கையில் காசுள்ளவராகவும் இருக்கிறார். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது வெறும் 4 சதவீதம். நிலைமை எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இதுவே போதும்.

சோதனை இரண்டு. ஒன்று, வடிவங்களின் வரிசையில் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் 'ரேவன்ஸ்' புதிர். இன்னொன்று, '5 5 5' என்று காட்டினால் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்த்து '3' என்று சட்டென்று சொல்ல வேண்டும். 'ஐந்து' என்று நாக்கு நுனிக்கு வருவதை அடக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனை.

முடிவு? புதிரில் அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள். பின்னர் 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி எடுத்தவர்கள், பின்னர் 131 விநாடியில் முடித்தார்கள். அதே ஆள், அதே மூளை. மாறியது கையிருப்பு.

கட்டுரையில் இந்த எண்களுக்குப் பக்கத்தில் சிறியதாக இன்னொரு எண்ணும் இருந்தது: பி-வேல்யூ 0.001-க்கும் குறைவு. உலகம் முழுக்க இந்த ஆய்வு செய்தியானதற்கு அந்தச் சின்ன எண்ணும் ஒரு காரணம். அது என்ன சொல்கிறது?

பூவா, தலையா?

அவிநாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் இரண்டு நண்பர்கள். யார் காசு கொடுப்பது என்று தினமும் நாணயம் சுண்டுகிறார்கள். ஒருவர் எப்போதும் தலைதான் கேட்பார். 10 நாளில் 9 நாள் தலை விழுந்துவிட்டது. "மாப்ள, காசுல ஏதோ இருக்குதுடா" என்று மற்றவர் சந்தேகப்படுகிறார்.

சந்தேகம் நியாயமா என்று பார்க்க ஒரே வழி. முதலில் 'காசு நேர்மையானதுதான்' என்று வைத்துக்கொள்ள வேண்டும். நேர்மையான காசை 10 முறை சுண்டினால் 1,024 விதமாக விழலாம். அதில் 9 தலையோ 10 தலையோ வருவது 11 விதங்களில்தான். அதாவது கிட்டத்தட்ட 1 சதவீதம். இந்த 1 சதவீதம்தான் பி-வேல்யூ.

உளவியல் ஆய்வாளர்களும் இதையே செய்கிறார்கள். 'அறுவடைப் பணத்துக்கும் புதிர் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை' என்று முதலில் வைத்துக்கொள்கிறார்கள். கல்லூரிப் பாடத்தில் 'நல் ஹைப்பாதஸிஸ்' என்று வருவது இதுதான். சம்பந்தமே இல்லை என்றால், வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரிய எத்தனை வாய்ப்பு? கரும்பு விவசாயிகள் விஷயத்தில் ஆயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பி-வேல்யூ 1 சதவீதம் என்றால் 'நண்பர் ஏமாற்றுகிறார் என்பது 99 சதவீதம் உறுதி' என்று அர்த்தம் இல்லை. ஊரில் 1,000 ஜோடி நண்பர்கள் நேர்மையான காசை 10 முறை சுண்டினாலும், சுமார் 11 ஜோடிகளுக்கு 9 தலையோ 10 தலையோ விழத்தான் செய்யும். அத்தனை பேரும் யோக்கியர்கள். ஆனால் டீக்கடையில் பேச்சாவது அந்த 11 பேரின் கதை மட்டும்தான். மற்ற 989 ஜோடிகளைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

0.05 எங்கிருந்து வந்தது?

பி-வேல்யூ 0.05-க்குக் கீழே, அதாவது 20-ல் 1-க்குக் கீழே இருந்தால், 'ஸ்டாட்டிஸ்டிக்கலி சிக்னிஃபிகன்ட்' என்று சொல்வது வழக்கம். இந்த வழக்கத்தைப் பரப்பியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உரமும் விளைச்சலும் பற்றிய கணக்குகளைப் பார்த்தவர். 1925-ல் எழுதிய புத்தகத்தில் 20-ல் 1 என்பதை வசதியான ஓர் எல்லையாகச் சொன்னார். இயற்கை விதி எதுவும் இல்லை, வசதிதான்.

டீக்கடைக் கணக்கையே பாருங்கள். 10-ல் 8 தலையோ அதற்கு மேலோ விழ வாய்ப்பு 5.5 சதவீதம். கோட்டுக்கு வெளியே. 9 என்றால் 1 சதவீதம். கோட்டுக்கு உள்ளே. ஒரே ஒரு சுண்டலில் 'ஒன்றுமில்லை' என்பது 'கண்டுபிடிப்பு' ஆகிவிடுகிறது.

கோடு எங்கே போட்டாலும் இரண்டு வகைத் தவறு உண்டு. நல்ல லாட் ஃபெயில் ஆனால் கம்பெனிக்கு நஷ்டம். மோசமான லாட் பாஸ் ஆனால் பையருக்கு நஷ்டம். ஆய்விலும் அப்படியே. இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடலாம். இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். முதல் தவறுக்குப் பயந்து கோட்டை இறுக்கினால், இரண்டாவது தவறு கூடும். இரண்டையும் ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால் அதிகம் பேரைச் சோதிக்க வேண்டும். அதிலும் ஒரு கஷ்டம்: தற்செயலால் வரும் ஏற்ற இறக்கத்தைப் பாதியாக்க, ஆட்கள் இரண்டு மடங்கு போதாது. நான்கு மடங்கு வேண்டும்.

தற்செயல் மட்டும்தானா எதிரி?

பி-வேல்யூ ஒரே ஓர் எதிரியைத்தான் விரட்டுகிறது. அந்த எதிரியின் பெயர் தற்செயல். மற்ற எதிரிகள் வாசலிலேயே நிற்பார்கள்.

அத்திக்கடவு - அவிநாசி திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம். அதன்பிறகு ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் நீர்மட்டம் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தால் ஏறியதா, அந்த வருஷ மழையால் ஏறியதா? முன்பு, பின்பு என்று அளந்தால் மட்டும் விடை கிடைக்காது. தண்ணீர் வந்த குளத்துப் பக்கத்துக் கிணறுகளையும், வராத குளத்துப் பக்கத்துக் கிணறுகளையும் ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் பெய்தது ஒரே மழைதானே.

கரும்பு ஆய்விலும் இதே கேள்வி எழும். மார்க் ஏறியது பணத்தாலா, பருவகாலத்தாலா? இங்கே ஆய்வாளர்களுக்குச் சர்க்கரை ஆலைகள் கைகொடுத்தன. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க முடியாது. வெட்டும் தேதி விவசாயிக்கு விவசாயி மாறி, சில மாதங்களுக்குப் பரவிக்கிடக்கும். ஒரே மாதத்தில் ஒருவர் அறுவடை முடித்திருப்பார், பக்கத்துக் காட்டுக்காரர் காத்திருப்பார். ஆக, பருவகாலத்தைக் காரணமாகச் சொல்வது கடினம்.

இன்னொரு சந்தேகம். ஒரே மாதிரிப் புதிரை இரண்டாவது தடவை போடும்போது யாருக்கும் கொஞ்சம் நன்றாகத்தானே வரும்? அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. 100 விவசாயிகளை முதல் சுற்றில் சேர்க்காமல் தனியே வைத்திருந்து, அறுவடைக்குப் பிறகு முதல்முறையாகச் சோதித்தார்கள். அவர்களுடைய மார்க்கும், இரண்டாம் முறை எழுதியவர்களின் மார்க்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பழக்கத்தால் வந்த மார்க் இல்லை என்று சொல்ல இது உதவியது.

பி-வேல்யூவைக் கம்ப்யூட்டர் ஒரு விநாடியில் போட்டுக் கொடுத்துவிடும். ஆய்வின் பலம் இருப்பது இந்த ஏற்பாடுகளில்தான்.

'சிக்னிஃபிகன்ட்' என்றால் பெரியது என்று அர்த்தமா?

இல்லை. தமிழில் 'குறிப்பிடத்தக்க' என்று மொழிபெயர்த்ததும் ஏதோ பெரிய விஷயம் போலத் தோன்றுகிறது. ஓர் உதாரணம் பார்க்கலாம். 100 மார்க் பரீட்சையில், ஒரு பயிற்சி எடுத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 1 மார்க் கூடுதல் வாங்குகிறார்கள். பிள்ளைகளுக்கிடையே வழக்கமான ஏற்ற இறக்கம் 15 மார்க். ஒரு பக்கத்துக்கு 100 பேரைச் சோதித்தால் இந்த 1 மார்க் தற்செயலில் கரைந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 10,000 பேரைச் சோதித்தால் அதே 1 மார்க் 'மிகவும் சிக்னிஃபிகன்ட்' ஆகிவிடும். பிள்ளைக்குக் கிடைப்பது என்னவோ அதே 1 மார்க்தான்.

அதனால்தான் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-ல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஒரு கருத்து உண்மையாக இருக்க எத்தனை வாய்ப்பு என்பதை பி-வேல்யூ அளக்காது, விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அது சொல்லாது என்று அதில் எச்சரித்தது.

மறுபடி செய்து பார்த்தால்...

அந்த 11 ஜோடி நண்பர்களை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உளவியல் இதழ்கள் பல காலமாக 'சிக்னிஃபிகன்ட்' ஆன ஆய்வுகளையே விரும்பி வெளியிட்டன. ஒன்றும் கிடைக்காத ஆய்வுகள் மேஜை டிராயரில் தூங்கின. போதாததற்கு, ஒரே ஆய்வில் 20 விஷயங்களை அளந்தால், எதிலுமே உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்று 0.05-க்குக் கீழே வந்துவிட 64 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் எழுதினால் கட்டுரை தயார்.

2015-ல் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஆய்வாளர்கள் பலர் கூட்டாகச் சேர்ந்து, முன்னணி இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'சிக்னிஃபிகன்ட்'. திரும்பச் செய்தபோது அப்படி வந்தவை 36 சதவீதம்தான்.

கரும்பு ஆய்வும் கேள்விகளிலிருந்து தப்பவில்லை. அதே கட்டுரையில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மால் ஒன்றில் நடத்திய சோதனைகளும் இருந்தன. கார் ரிப்பேருக்குப் பெரிய செலவு வந்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னதும் வருமானம் குறைந்தவர்களின் மார்க் இறங்கியது என்பது அவற்றின் முடிவு. அதில் மக்களை 'ஏழை', 'வசதியானவர்' என்று இரண்டு கூடைகளில் போட்டிருந்தார்கள். அப்படிப் பிரிக்காமல் வருமானத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போட்டால் ஆதாரம் பலவீனமாகிறது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த விசெர்ட்ஸ், ஷோல்டன் இருவரும் அதே ஆண்டு அதே இதழில் எழுதினார்கள். மூல ஆசிரியர்கள், எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு நிற்கிறது என்று பதில் சொன்னார்கள்.

2016-ல் கர்வால்யோ, மெய்யர், வாங் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். மூளைத்திறன் சோதனைகளில் வித்தியாசம் தெரியவில்லை. 2021-ல், பற்றாக்குறை மனதை எப்படி மாற்றுகிறது என்பது பற்றிய 20 ஆய்வுகளை இன்னொரு குழு திரும்பச் செய்தது. சில உறுதியாக நின்றன, சில நிற்கவே இல்லை.

அப்படியென்றால் கரும்பு ஆய்வு பொய்யா? அப்படிச் சொல்ல முடியாது. மாதாமாதம் வரும் சம்பளத்துக்கு நான்கு நாள் காத்திருப்பதும், வருஷத்துக்கு ஒருமுறை வரும் பணத்துக்கு நகையை அடகு வைத்துவிட்டுக் காத்திருப்பதும் ஒன்றல்ல. ஒரு கஷ்டத்தில் தெரிவது இன்னொரு கஷ்டத்தில் தெரியாமல் போகலாம். அந்த 464 பேரிடம் தெரிந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்பது வலுவாக நிற்கிறது. அதை எல்லா ஏழைகளுக்கும், எல்லா ஊருக்கும், எல்லாக் காலத்துக்கும் நீட்டுவதுதான் இன்னும் முடியாத வேலை.

ஆனால் ஒரு விஷயத்தை அந்த ஆய்வு அழுத்தமாகவே கேட்டது. கடன் விண்ணப்பத்தைத் தப்பாக நிரப்பியவரை, தவணை தேதியை மறந்தவரை, 'அவருக்கு அவ்வளவுதான் அறிவு' என்று சொல்லிவிடுவது சுலபம். அதே மனிதர் நான்கு மாதம் கழித்து, அடகு நகை வீடு திரும்பிய பிறகு, அதே சோதனையில் கூடுதல் மார்க் வாங்குகிறார் என்றால், முதலில் குறைந்திருந்தது அறிவு என்று எப்படிச் சொல்வது?

உங்கள் வீட்டுக்கு வரும் 'ஆய்வு'

வாட்ஸ்அப்பில் வரும் 'ஆய்வில் நிரூபணம்' செய்திகளும், பிள்ளைகளின் நினைவாற்றலைக் கூட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களும் இதே எண்களைக் காட்டித்தான் வருகின்றன. ஃபீஸ் கட்டுவதற்கு முன்பு ஐந்து கேள்விகள் போதும்.

1. எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? 12 பிள்ளைகளிடம் பார்த்துவிட்டுச் சொன்னால், அது 10 முறை சுண்டிய நாணயம் மாதிரிதான்.

2. யாரோடு ஒப்பிட்டார்கள்? பயிற்சி எடுத்த பிள்ளைகளின் மார்க் ஏறியது சரி, எடுக்காத பிள்ளைகளின் மார்க்கும் ஏறியதா? போன பரீட்சையில் மிகக் குறைவாக வாங்கிய பிள்ளைகளை மட்டும் சேர்த்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த பரீட்சையில் சராசரி கொஞ்சம் ஏறும். அன்றைக்குக் காய்ச்சலில் எழுதிய பிள்ளை இன்றைக்குக் காய்ச்சல் இல்லாமல் எழுதுமே.

3. வித்தியாசம் எவ்வளவு? 'சிக்னிஃபிகன்ட்' என்ற வார்த்தையை விடுங்கள். எத்தனை மார்க், எத்தனை நிமிடம், எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

4. எத்தனை விஷயங்களை அளந்துவிட்டு இந்த ஒன்றைச் சொல்கிறார்கள்? எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஆய்வைத் தொடங்குவது இப்போது உளவியலில் பரவி வருகிறது. அப்படிச் செய்திருந்தால் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம்.

5. வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? இதுதான் ஐந்திலும் பெரிய கேள்வி. ஒரு லாட் பாஸ் ஆனதை வைத்து ஒரு கம்பெனியின் பெயர் நிலைப்பதில்லை. வருஷக்கணக்கில், லாட்டுக்கு மேல் லாட் பாஸ் ஆனால்தான் பையர் நம்பி ஆர்டர் கொடுப்பார். ஆய்வுக்கும் அதே நியாயம்தான்.